மத்தியானம் இறங்குற நம்பர்

இன்னைக்கு இறங்கல. சாப்பிட்ட கை ஈரம் காயறதுக்குள்ள ரெஜினா கடைசி அறைக்கு வந்து, மெஷினுக்கு எதிர்ல பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டா. உட்கார்ந்ததுலேர்ந்து திரையில நூத்தி எண்பது, நூத்தி எண்பத்தொண்ணு, மறுபடி நூத்தி எண்பது. வயிறு நிறைஞ்ச பிள்ளை மாதிரி அது பாட்டுக்கு உம்முனு ஓடுது. பாக்கப் பாக்க அவளுக்குத்தான் கண்ணு சொக்குது. நேத்து இதே நேரம் நூறுக்கு வந்து நின்னு உயிரை எடுத்தது இதுதானான்னு சந்தேகமா இருக்கு. எதிர் வீட்டு பியூலா அக்காவோட பல்லு இப்படித்தான் பண்ணுச்சு. ராத்திரி பூரா குத்துது குடையுதுன்னு அழுவா, காலையில டாக்டர் நாற்காலியில சாய்ஞ்சதும் எந்தப் பல்லுன்னே தெரியாது, படி இறங்கி மார்க்கெட் வர்றதுக்குள்ள மறுபடி ஆரம்பிச்சிடும். கடைசியில டாக்டர் பொறுக்க மாட்டாம ஒரு பல்லைப் பிடுங்கினார், அது நல்ல பல்லு. வலிக்கிற பல்லு இன்னும் அக்கா வாயிலதான் இருக்கு. இந்த மெஷினுக்கும் அப்படித்தான் எதையாவது பிடுங்கப் போறாங்க. பிடுங்கறது என்ன, இன்னைக்கும் இறங்கிச்சுன்னா சாயங்காலம் பழைய மெஷின் வாங்கற கோயமுத்தூர்க்காரன் வேன்ல மொத்தமாத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிடுவான். போகட்டுமே. போனா காதாவது ஆறும். பகலும் ராத்திரியும் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ மாவு மெஷின் ஓட்டற மாதிரி இதைக் கேட்டுக் கேட்டு, இப்பெல்லாம் கோயில்ல பூசை நடுவுல அமைதியா இருக்கிறப்பக் கூட காதுக்குள்ள இதுதான் ஓடுது.

இரும்புச் சட்டத்துல வரிசையா ஆறு கம்ப்யூட்டர் கார்டு, ஒவ்வொரு கார்டுலயும் குட்டிக் குட்டி ஃபேன், அடியில செங்கல் கணக்கா ஒரு பவர் சப்ளை, மிச்சமெல்லாம் ஒயரு. மகன் ஜெரால்டு இதை முதல் முதல்ல அடுக்கினப்ப ஏதோ புது மாதிரி கிறிஸ்மஸ் குடில் வைக்கிறான்னுதான் ரெஜினா நினைச்சா. "கிரிப்டோம்மா, கணக்குப் போட்டுப் போட்டு காயின் எடுக்கும்"னான். இத்தனை காலத்துல ஒரு காயின் கீழ விழுந்து அவ பார்த்ததில்ல. நம்பர் மேல இருந்தா கணக்கு வேகமா நடக்குது, கீழ வந்தா எங்கயோ கோளாறு, அவ்வளவுதான் அவளுக்குப் புரிஞ்சது. வேலை கிடைச்சு அவன் ஹைதராபாத் போனப்ப இதை இங்கயே விட்டுட்டான், அங்க வெயில்ல இது வெந்து போயிடுமாம், குன்னூர் குளிர்தான் இதுக்கு மருந்தாம். மருந்தா இருந்த குளிர்லதான் இப்ப நோய். பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து மத்தியானமானா நம்பர் சரிஞ்சிடுது, சாயங்காலம் தானா ஏறிக்குது. அவன் அங்க ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டே போன்ல இதைப் பார்ப்பான், அவ ஜெபக் கூட்டம் முடிஞ்சு வீடு வந்ததும் கூப்பிடுவான். ஸ்டெபிலைசர் முள்ளு எங்க நிக்குதுன்னு பாரும்மா. அந்தப் பட்டை ஒயரை ஒவ்வொண்ணா அமுக்கி விடும்மா. மூணாவது கார்டைக் கழட்டி அஞ்சாவது இடத்துல போடும்மா. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுந்து எல்லாம் செஞ்சா. எல்லாம் செஞ்சு முடிக்கிறப்ப நம்பர் மேல வந்திருக்கும், அவன் "பாத்தியா, ஒயர்தான்"பான், மறுநாள் மத்தியானம் மறுபடி இறங்கும், "ஒயர் இல்லம்மா, கரண்டு"பான். ஊர்ல எல்லாரும் அந்த நேரத்துல கீசர் போடறாங்களாம். மத்தியானத்துல யாருடா குளிப்பா? நேத்து அவன் குரலே மாறிப் போச்சு. கத்தல, அதுதான் பயமா இருந்துச்சு. "முடியலம்மா, எனக்கும் சலிச்சுப் போச்சு. ஒரே ஒரு நாள் ஜெபக் கூட்டத்துக்குப் போகாம முன்னாடியே உட்கார்ந்து பாரு. அப்பவும் இறங்கிச்சுன்னா அந்த ஆளை எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்." அதான் உட்கார்ந்திருக்கா. இறங்கத்தான் இல்ல.

"நீ இன்னைக்கு ஜெபத்துக்குப் போகலையா?" அறை வாசப்படிக்கு வெளியில அவர். ஞானமுத்து மாஸ்டர். கட்டின புருஷன்தான், ஆனாலும் ஊரே மாஸ்டர் மாஸ்டர்னு கூப்பிட்டு அவ மனசுக்குள்ளயும் மாஸ்டர்னே பதிஞ்சு போச்சு. கால் விரல் வாசப்படிக் கட்டையைத் தொடாம ஒரு நூல் தள்ளி, அட்டென்ஷன்ல நிக்கிறார். "இல்லங்க, ஜெரால்டு இதைப் பாத்துக்கச் சொன்னான்." பேரைக் கேட்டதும் முகம் ஜன்னல் பக்கம் போயிடுச்சு. "இந்தச் சூதாட்ட டப்பாவுக்காக மாதாவைக் காக்க வைக்கிறியா?" அடடா, மாதா மேல எப்பலேர்ந்து இவ்வளவு அக்கறை? ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல முதல் ஆளா கண் மூடறது யாரு? போயிட்டார். செருப்பில்லாத கால் சிமெண்ட் தரையில தட்டித் தட்டிப் போற சத்தம். செருப்பு போட மாட்டார், ஸ்வெட்டர் போட மாட்டார். முப்பது வருஷம் பி.டி. மாஸ்டரா இருந்தவர். ஜனவரியில புல்லு மேல உப்புக் கொட்டின மாதிரி பனி உறைஞ்சு கிடக்கும், அதுல பசங்களை அரை டவுசரோட நிக்க வைப்பார். குளிருங்கறது உடம்புல இல்லடா, நினைப்புலதான்னு சொல்வார். பல்லு அடிக்கிற சத்தம் கேட்டா இன்னொரு ரவுண்டு ஓடணும். அதுக்குப் பயந்தே ஜெரால்டு கைக்குட்டையை வாய்க்குள்ள திணிச்சுக்குவான், பத்து வயசுப் பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் அவனோட ரெண்டு காலையும் எடுத்துத் தன் வயித்து மேல வச்சு முந்தானையால மூடிக்குவா ரெஜினா. ஐஸ் கட்டி வச்ச மாதிரி இருக்கும். அந்தச் சில்லுப்பு இன்னும் அடிவயித்துல இருக்கு, நினைச்சா இப்பவும் சுருக்குங்குது. அப்பக்கூட அந்தப் பயல் அழாம, அப்பா தும்மற மாதிரி தும்மிக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பான். மாஸ்டர் தும்மல்னா கிரவுண்டுல விசிலே வேண்டாம், மூணு தும்மல் வரிசையா வரும், முதல் ரெண்டும் சும்மா ஒத்திகை, மூணாவதுல காக்கா பறக்கும். பள்ளிக்கூடத்துலயே அதை அச்சு அசலா செய்யறது ஜெரால்டு ஒருத்தன்தான்.

நம்பர் நூத்தி எழுபத்தொன்பது. ரெஜினா நிமிர்ந்தா. மறுபடி எண்பது. ஒண்ணுமில்ல. இறங்கினாத் தேவலைன்னு இருக்கு, இறங்கிடுமோன்னும் இருக்கு. கண்ணு எரியுது. இந்த அறையில ஒரு சௌகரியம், கதகதன்னு இருக்கு, மலைக்கு மேல இருக்கிற வீடு மாதிரியே இல்ல, கீழ மேட்டுப்பாளையத்துல உட்கார்ந்த மாதிரி. வீட்டுல மத்த இடமெல்லாம் சுவரைத் தொட்டாக் கை விறைக்குது. "பியூலா வந்து வாசல்ல கூப்பிட்டுட்டுப் போனாளே." மறுபடி அவர். "எப்பங்க? எனக்குக் கேக்கலையே." "கூப்பிட்டா. கூப்பிட்டிருப்பா. நீதான் இந்தச் சத்தத்துல இருக்கியே." பொய் சொல்லத் தெரியாத மனுஷன், சொன்னா காது மடல் சிவக்கும். சிவந்திருக்கு. இல்ல, குளிர்ல சிவந்திருக்கா? ரெண்டு கையையும் கக்கத்துல வச்சுக்கிட்டிருக்கார். "ஏங்க, ஒரு சால்வை எடுத்துத் தரட்டா?" "எதுக்கு? யாருக்குக் குளிருது?" கை உடனே வெளிய வந்துடுச்சு, ஆனா விரல் நகமெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி. அவ அதை இப்பத்தான் பாக்கறா. எத்தனை நாளா அப்படி இருக்கு? பாக்காம என்னத்தைக் குடும்பம் நடத்தினோம்னு ஒரு அலுப்பு வந்துச்சு, அதையும் கொட்டாவி விட்டே முழுங்கினா.

ஹீட்டர்னு ஒண்ணு இந்த வீட்டுக்கு வராம இல்ல. ஹைதராபாத் போன முதல் குளிர்காலத்துல ஜெரால்டு பார்சல்ல அனுப்பினான், அப்பாவுக்குன்னு பெட்டி மேலயே எழுதி. மாஸ்டர் பெட்டியைப் பிரிக்கக் கூட இல்ல. "நான் என்ன செத்துக்கிட்டிருக்கற கிழவனா?"ன்னு கேட்டுட்டு, அப்படியே தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் பள்ளிக்கூட வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டு வந்துட்டார். அந்த வாட்ச்மேன் அதை என்ன பண்ணான் தெரியுமா, கோழிக்குஞ்சுக்கு வச்சான், அத்தனையும் பிழைச்சு ஊரெல்லாம் திரிஞ்சுது, ஹீட்டர் கோழின்னே அதுகளுக்குப் பேரு. ஜெரால்டுக்கு இது தெரிஞ்ச அன்னைக்குப் போன்ல சண்டை. அப்பாவும் பிள்ளையும் குளிரைப் பத்திப் பேசல, மெஷினைப் பத்திச் சண்டை போட்டாங்க. உழைக்காம காசு வரணும்னு நினைக்கிறவன் என் பிள்ளை இல்லன்னார். அப்ப என் மெஷின் இருக்கிற அறைக்குள்ள வராதீங்கன்னான். நான் செத்தாலும் அந்த அறையில கால் வைக்க மாட்டேன்னார். அதோட சரி. ரெண்டு பேருக்கும் நடுவுல அவதான் ஒயர். அந்தப் பட்டை ஒயர் மாதிரி. எப்பவும் ஒரு பக்கம் கழண்டுக்கிட்டு, யாராவது அமுக்கி விட்டாத்தான் ஓடற மாதிரி.

போன் அடிச்சுது. "என்னம்மா, இறங்கவே இல்ல போலிருக்கே?" "இல்லடா. அப்ப ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறியா?" "ஒரு நாள் இறங்கலன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா? கடைசியா ஒண்ணு பாத்துடலாம். சுவிட்சை அணை, முன்பக்கம் ஃபேன் இறக்கையில பிரஷ் போட்டுத் தூசி தட்டு." அணைச்சா. சத்தம் நின்னதும் காதுக்குள்ள யாரோ பஞ்சை எடுத்த மாதிரி. பக்கத்து அறையில மாஸ்டர் நடக்கிறது கேக்குது, அங்கயும் இங்கயும், கூண்டுல விட்ட மாதிரி. பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷை எடுத்து இறக்கை இறக்கையாத் தட்டினா. "இருக்குடா, நிறைய இருக்கு, பஞ்சு மாதிரி." "என்ன கலர்?" "சாம்பல்." "தூசி இப்படிப் பஞ்சாவா வரும்? கம்பளி மாதிரியா இருக்கு?" விரலுக்கு நடுவுல வச்சு உருட்டினா. கம்பளிதான். எண்ணெய்ப் பிசுக்கு வேற ஒட்டுது. மூக்குக்குக் கிட்ட கொண்டு போனா, நீலகிரித் தைலம். ராத்திரி படுக்கையில அவர் முட்டியிலேர்ந்து வர்ற அதே வாசனை. ரெஜினா அப்படியே பிரஷ்ஷும் கையுமா உட்கார்ந்துட்டா. "என்னம்மா, இருக்கியா?" "இருக்கேன். தூசிதாண்டா. வெறும் தூசி." "சரி, போட்டு விடு, பாப்போம்." போட்டா. ஃபேன் ஒவ்வொண்ணா முழிச்சுக்கிச்சு, சூடு காத்து முகத்துல அடிச்சுது, இப்பத் தெரிஞ்சதனால காத்து பூராவும் தைலம்.

சாம்பல் கம்பளி. கட்டில் கால்மாட்டுல மடிச்சு வச்சிருக்கிற போர்வை அதுதானே. மடிப்பு ஒவ்வொரு நாளும் ஒரு விதமா இருக்கு, தான்தான் மறந்து மாத்தி மடிச்சோம்னு நினைச்சிருந்தா. மோடாவும்தான். அது கூடத்துல கிடக்கிற மோடா, இங்க எப்படி வந்துச்சுன்னு இன்னைக்கு இழுத்துப் போட்டப்பக் கூட யோசிக்கலையே. தினமும் அவ குடையை எடுத்துக்கிட்டு மாதா கோயிலுக்குப் படி இறங்குவா, நம்பர் இறங்கும். அவ திரும்பி ஏறி வருவா, நம்பர் ஏறும். ஒரு தடவையாவது இது தோணிச்சா? கார்டைக் கழட்டத் தெரிஞ்சுது, ஒயரை அமுக்கத் தெரிஞ்சுது. போர்வை போட்டு மூடினா சூட்டுல திணறி நம்பர் இறங்கும்னு தெரியலையே. மாதாவே, அந்தப் போர்வையில ஒரு பொறி பட்டா? சூடு தாங்காம அந்தப் பவர் சப்ளைச் செங்கல் வெடிச்சா? நான் அங்க ஐம்பத்து மூணு மணியையும் உருட்டிச் செபமாலை சொல்லிக்கிட்டு இருப்பேன், இங்க இவர் போர்வைக்குள்ள. சொல்லிடலாமா? ஜெரால்டுகிட்ட சொன்னா, கோபத்துல சிரிப்பான், அப்பாவை ஒரு வார்த்தை கேப்பான், அவர் காதுல விழுந்தா அந்த அறையை விடு, வீட்டுல அடுப்புக்குப் பக்கத்துல கூட நிக்க மாட்டார், பச்சைத் தண்ணியில குளிச்சே உயிரை விடுவார். சொல்லலன்னா இன்னைக்கோ நாளைக்கோ இறங்கும், கோயமுத்தூர்க்காரன் வருவான், மெஷின் போயிடும், இவர் விறைச்சுக் கிடப்பார். இவரை உள்ள வராமத் தடுத்தா நம்பர் நிக்கும், மெஷின் இருக்கும், இருந்து என்ன? எந்தப் பக்கம் போனாலும் சுத்திச் சுத்தி அந்த நீல நகத்துலயே வந்து முட்டுது. கொஞ்சம் முன்னாடி காது ஆறட்டும், போய்த் தொலையட்டும்னு நினைச்ச மெஷினை இப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும் போல இருக்கு. தெரியாமலும் இருக்கலாமே, கம்பளி வேற எங்கேயிருந்தாவது பறந்து வந்திருக்கலாமே. கண்ணால பாக்காம எதையும் முடிவு பண்ணக் கூடாது.

"ஏங்க, நான் ஒரு எட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன். இன்னைக்கு இது நல்லாத்தான் ஓடுது." "ம். போயிட்டு வா. மெதுவா வா." மெதுவா வாவாம். குடையை எடுத்துக்கிட்டா, வாசக் கதவைத் தெருவுக்கே கேக்கற மாதிரி சாத்தினா, சாத்திட்டு வீட்டைச் சுத்திப் பின்பக்கம் போனா. பின்படி பாசி பிடிச்சு வழுக்குது, இந்த வயசுல சொந்த வீட்டுக்குள்ள திருடி மாதிரி பூனை நடை நடக்கணும்னு தலையெழுத்து. சமையக்கட்டு வழியா வந்து கதவிடுக்குல நின்னா. கக்கத்துல சாம்பல் போர்வையோட மாஸ்டர் வந்தார். வாசப்படியில ஒரு நிமிஷம் நின்னார். பின்னாடி திரும்பிப் பார்த்தார், மாங்காய் அடிக்கப் போற பையன் மாதிரி. கால் வச்சார். மோடாவுல உட்கார்ந்து, ரெண்டு காலையும் மெஷினோட அடிச்சட்டத்துல தூக்கி வச்சார். காலுல ஸாக்ஸ். ஜெரால்டு பள்ளிக்கூடத்துக்குப் போட்டது, குதிகால் பாதி வெளிய நிக்குது. அப்புறம் போர்வையை விரிச்சு, ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிறப்ப மூடிக்குவோமே, அப்படித் தலையோட போட்டு, முன்பக்கத்தை இழுத்து மெஷின் மேலயும் போட்டுக்கிட்டார். ஒரு பொட்டு சூடு கூட வெளிய போகாம. கூடாரத்துக்குள்ள சிவப்பும் பச்சையுமா லைட்டு தெரியுது. உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்துச்சு பாருங்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த மனுஷன்கிட்டேயிருந்து அப்படி ஒரு மூச்சை அவ கேட்டதே இல்ல. ஃபேன் எல்லாம் மூச்சு முட்டிக் கத்த ஆரம்பிச்சுது. இடுப்புல போன் துடிச்சுது.

"ம்மா! இறங்குது! இப்பப் பாரு, நூத்தி நாப்பது, போயிக்கிட்டே இருக்கு. எங்க இருக்க நீ?" "இங்கதாண்டா." "ஏன் குசுகுசுன்னு பேசற?" "தொண்டை கட்டிக்கிச்சு." "உடனே போ, அது முன்னாடி என்ன இருக்குன்னு பாரு." வாய்க்கு என்ன வருதுன்னு தெரியாமலே, "மாவுடா"ன்னா. "என்னது?" "இட்லி மாவு. குளிருக்குப் புளிக்க மாட்டேங்குது. சட்டியை அது முன்னாடி வச்சுத் துணி போட்டு மூடி விட்டேன். தினமும் நான்தான் வைக்கிறேன். என்னைத் திட்டு." "தினமும் மத்தியானமா? ரெண்டு பேருக்குத் தினமும் மாவு ஆட்டறியா?" "இப்பெல்லாம் அவருக்கு இட்லிதான் ஒத்துக்குது." "ம்மா, நீ என்னமோ..." அதுக்குள்ள கூடாரத்துக்குள்ள ஒரு தும்மல். ரெஜினா போனை நெஞ்சோட அமுக்கினா. ரெண்டாவது. அமுக்கி என்ன பண்றது, மூணாவது வந்தே தீரும். வந்துச்சு. காக்கா பறக்கிற தும்மல். மெல்ல எடுத்துக் காதுல வச்சா.

"இப்பத் தும்மினது மாவாம்மா?" "ஜெரால்டு, அந்த ஆளை வரச் சொல்லாதடா"ன்னா. அவன் சின்னப் பிள்ளையில கேக்கற குரல்ல, "அப்பாவுக்குக் குளிருதா?"ன்னான். "ம்." "எப்பலேர்ந்து?" "கேட்டாச் சொல்ற ஆளாடா? இன்னைக்குத்தான் பார்த்தேன். உன்னோட பழைய ஸாக்ஸைப் போட்டுக்கிட்டு, மெஷினையும் சேர்த்துப் போர்வையால மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். தீப்பிடிச்சுடுமாடா?" "இரு. போனை வைக்காத." அங்க அவன் என்னமோ தட்டற சத்தம், கீபோர்டு. இங்க, கத்திக்கிட்டிருந்த ஃபேன் ஒவ்வொண்ணாக் குரல் தணிஞ்சு, ஒரே சீரா, தூங்கற ஆளோட மூச்சு மாதிரி வந்து நின்னுது. "சூட்டுக்கு அளவு கட்டிட்டேன்மா. அவர் எப்படி மூடினாலும் அதுக்கு மேல போகாது, அதுக்குக் கீழயும் போகாது. போர்வை நுனி மட்டும் பின்னாடி ஒயர்ல படாமப் பாத்துக்க." "அப்ப நம்பரு?" "அது இனிமே கீழதான் இருக்கும். கிடக்கட்டும் விடு. வர வேண்டாம்னு அந்த ஆளுக்கு நான் போன் பண்ணிக்கிறேன்." அப்புறம், "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட மூச்சு விடாத. எழுந்து போயிடுவார்"ன்னான். வச்சுட்டான்.

சத்தம் மாறினது போர்வைக்குள்ள தெரிஞ்சிருக்கும் போல. ஓரம் லேசாத் தூக்கி ஒரு கை வெளிய வந்துச்சு. மெஷினோட பக்கவாட்டுல புறங்கையை வச்சுப் பார்த்துச்சு, காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தியில வச்சுப் பாக்கற மாதிரி. வச்சது அப்படியே கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்புறம் உள்ள போயிடுச்சு. ரெஜினா சத்தம் போடாமப் பின்பக்கம் வந்து, பாசிப் படியில முந்தானையை விரிச்சு, குடையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தா. சிமெண்ட் சில்லுனு ஏறுது. கோயிலுக்குப் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் இங்க இருக்கணும். அதுக்கப்புறம் வீட்டைச் சுத்திப் போய், நல்லா இருமிக்கிட்டு, வாசக் கதவை உலுக்கித் திறக்கணும்.